இடுப்பை உடைத்தவனுக்கு வழி சொல்கிறேன்

ரேஸ் கார் ஓட்டுகிறவனுக்கு முன்னால் பார்க்க மட்டும்தான் நேரம் இருக்கும். பின்னால் யார், பக்கத்தில் யார் என்று உயரத்தில் நின்று பார்த்து அவன் காதுக்குள் கத்துகிறவனுக்கு ஸ்பாட்டர் என்று பெயர். முதல் வேலையைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் பார்த்தேன். இரண்டாவதை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொலைக்காட்சியில் வருகிற பளபளப்பான ரேஸ் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது கெடா மாநிலத்தில் சுங்கை லாலாங் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனையை வெட்டிவிட்டு மறுபடி நடாமல் போட்டுவைத்த ஒரு தோட்டத்துத் துண்டில், செம்மண் வட்டத்தில் நடக்கிற ஸ்டாக் கார் ரேஸ். குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்த பழைய கார்களை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, இரும்புக் கூண்டு வைத்து, கதவைப் பற்றவைத்து மூடிவிட்டு ஓட்டுவோம். இடித்துக்கொள்வது விதிமீறல் அல்ல, வழக்கம். பிள்ளை கார் ஓட்டப் பழகியபோது பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்தவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பெண் பார்க்கப் போன விதம்

கதவைப் பற்றவைத்துவிடுவதால் எங்கள் கார்களில் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும், ஜன்னல் வழியாகத்தான் இறங்க வேண்டும். வாரம் முழுக்க இப்படிப் பழகிய உடம்பு, பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு மட்டும் மனிதனாக மாறாது. கரங்கானில் பெண் பார்க்க என் மாமா தன்னுடைய காரில் என்னை அழைத்துப் போனார். புது வேட்டி, புதுச் சட்டை. வீட்டு வாசலில் கார் நின்றது. பெண்வீட்டார் வரிசையாக நின்றார்கள். நான் என்னவோ யோசனையில் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, ஒரு காலை வெளியே போட்டு, கூரையைப் பிடித்து எழும்பிவிட்டேன். வேட்டி கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. மாமா தலையில் கைவைத்தார்.

பெண்ணின் தகப்பனார் லாரி ஓட்டியவர். நிதானமாகக் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். பிறகு என் மாமாவிடம் கேட்டார்: "காடியில கோளாறு இல்ல. அப்ப வேற எதுலங்க?"

காதர் பாயின் பெயர்ப்பலகை

அப்படியும் பெண்ணைக் கொடுத்தார்கள். பெயர் மல்லிகா. கல்யாணம் ஆனதும் எனக்கு விளம்பரதாரரும் கிடைத்தார். பீடோங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த காதர் பாய், தன் கடைப் பெயரை என் கார் முழுக்க மஞ்சள் எழுத்தில் எழுதி, டயருக்கும் எண்ணெய்க்கும் பொறுப்பேற்றார். அந்த மஞ்சளைப் பார்த்தாலே எனக்கு வேகம் வந்தது. முதல் பந்தயத்தில் முதலாவதாக வந்தேன். கோப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பாய் தேத்தாரே டீயை ஆற்றிக்கொண்டே கோப்பையைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

அடுத்த வாரம் என்ஜின் இருமியது. எல்லாருக்கும் கடைசியில், கூட்டத்துக்கு முன்னால், நடந்து போகிற வேகத்தில் உருண்டு வந்தேன். ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தலைகுனிந்து கடைக்குப் போனால், பாய் தன் கையால் மீன்தலைக் குழம்பு ஊற்றினார். "முதல்ல வர்றவன் காடியில என்ன எழுதியிருக்குன்னு எவனுக்குத் தம்பி தெரியும்? இன்னிக்குத்தான் சின்னப் பிள்ளைகூட எழுத்துக் கூட்டிப் படிச்சுச்சு."

ஆயாக்கொட்டகை மூலை

எங்கள் வட்டத்தில் இரண்டு மூலைகள் முக்கியம். ஒன்று ஆபீஸ் மூலை, இன்னொன்று ஆயாக்கொட்டகை மூலை. அங்கே ஆபீசும் இல்லை, இது ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது பால்மரம் வெட்டப் போன தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன கொட்டகையும் இல்லை. எல்லாம் இடிந்து போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. ஆயாக்கொட்டகை மூலையின் உள்பக்கம் ஒரு பெரிய வடிகால் உண்டு.

செல்வம் என்று ஒருவன். பீடோங்கில் கார் தட்டிச் சீர்செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன், வாய் திறந்தால் அண்ணே என்பான், ஸ்டியரிங்கைப் பிடித்தால் அண்ணனாவது தம்பியாவது. பத்து வருஷம் நானும் அவனும்தான் முதல் இடத்துக்கு முட்டிக்கொண்டோம். ஒரு நாள் அந்த மூலையில் நான் உள்பக்கம், அவன் வெளிப்பக்கம் அரை கார் முன்னால். நான் இருப்பதைப் பார்க்காமல் உள்ளே இறங்கினான். என் கார் வடிகாலைத் தாண்டி, புரண்டு, செம்பனை அடிக்கட்டை ஒன்றில் பக்கவாட்டில் போய் நின்றது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. இனிமேல் அந்தக் கூண்டுக்குள் உட்காரக்கூடாது என்று சுங்கைப் பட்டாணி டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் செல்வம் ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலருகே நின்றான். "உள்ள இறங்க இடம் இருக்குன்னு நெனச்சேன், அண்ணே" என்றான். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. மல்லிகாதான் பையை வாங்கிக்கொண்டு பதில் சொன்னாள்: "பழத்தை வச்சிட்டுக் கெளம்புங்க. இங்கயும் இடம் இல்ல."

நான் பறந்த படம்

அந்த விபத்தை யாரோ கைத்தொலைபேசியில் பிடித்திருந்தார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் கெடாவில் அதைப் பார்க்காத தமிழர் யாரும் இல்லை. மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் சோகப் பாட்டு சேர்த்து, கடைசியில் என் சிரித்த முகத்தை வைத்து, பார்க்கிறவன் நான் செத்துவிட்டேன் என்றே முடிவு கட்டுகிற மாதிரி செய்திருந்தார்கள். கூரூனில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஊன்றுகோலோடு போயிருந்தேன். என்னைப் பார்த்த ஒரு அம்மாள் கையிலிருந்த பாயசத்தைக் கீழே போட்டாள்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரர் ஒருவர், படத்தை எனக்கே எடுத்துக் காட்டினார். மூன்று தடவை பார்த்தோம். நான் வலிக்கிறது, போதும் என்றேன். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டு ரசனையோடு சொன்னார்: "ரெண்டாவது புரளல்தான் அண்ணே டாப்பு."

கத்துவதற்கு ஆள் தேவை

என் விபத்துக்குப் பிறகு பந்தய ஏற்பாட்டாளர்கள் கூடினார்கள். வெகுநேரம் பேசி, ஒவ்வொரு காருக்கும் ஒரு ஸ்பாட்டர் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். பத்து வருஷமாக எல்லாரும் கேட்டும் வராத சட்டம், என் எலும்பு உடைந்ததும் வந்தது. வடிகாலுக்கு எதிரில் இரும்புச் சாரம் கட்டி, மேலே பலகை போட்டார்கள். ஆளுக்கொரு வாக்கிடாக்கி. "உள்ளே" என்றால் உள்பக்கம் கார் இருக்கிறது, "வெளியே" என்றால் வெளிப்பக்கம். யாரும் இல்லை, தாராளமாக இறங்கு என்றால் "கிளியர்". மூன்றே வார்த்தைகள், உயிர் இருப்பது அந்த மூன்றாவதில்.

ஏற்பாட்டாளர்களுக்குத் தலைவர் என்சிக் ரஹிம். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரர், எங்களைவிடத் தமிழில் நன்றாகத் திட்டுவார். வீட்டுக்கு வந்து என்னை ஸ்பாட்டராக வரச் சொன்னார். நடக்கவே முடியவில்லையே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கத்துறதுக்கு இடுப்பு எதுக்குலா?"

யாருக்கு என்பதுதான் கேள்வி

ஸ்பாட்டர் ஆகிவிட்டேன், சரி. எனக்கு ஓட்டுநர் வேண்டுமே. நல்ல ஓட்டுநர்கள் எல்லாரும் தங்கள் மச்சானையும் சித்தப்பாவையும் சாரத்தில் ஏற்றிவிட்டார்கள். மிஞ்சியவன் ஒருவன்தான். ஸ்பாட்டர்கள் அவனிடம் ஒரு பந்தயத்துக்கு மேல் தங்குவதில்லை. கார் நிற்பதற்கு முன்பே திட்ட ஆரம்பித்துவிடுவான். அவன் காதர் பாய் கடைக்கு வந்து, என் மேசையில், எனக்கு எதிரில் உட்கார்ந்தான். செல்வம்.

"எனக்கு ஸ்பாட்டரா வாங்க, அண்ணே" என்றான். ஊரில் இத்தனை பேர் இருக்க நான் ஏன் என்றேன். மறுபடி அந்தச் செம்மண் வாசனைக்குப் பக்கத்தில் நிற்க வேறு வழி இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செல்வம் முட்டையைப் பிட்டுக்கொண்டே சொன்னான்: "பத்து வருசமா என் காடிய உங்கள மாதிரி எவனும் உத்துப் பாத்ததில்ல."

புஷ்பாவின் மீன் குழம்பு

சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஊருக்குப் பொழுது போனது. முடிவெட்டப் போனாலும், பசாரில் மீன் வாங்கப் போனாலும், கண்ணடித்து ஒரே கேள்வி: "என்னைக்கு அண்ணே?" நான் என்றைக்குப் பொய்யாகக் கிளியர் சொல்லி அவனை வடிகாலில் இறக்கப் போகிறேன் என்று கேட்கிறார்களாம். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால் பந்தயத்தன்று கூட்டம் எல்லாம் ஆபீஸ் மூலையை விட்டுவிட்டு ஆயாக்கொட்டகை மூலைக்குப் பாய் விரிக்க வந்தது. நாகரிகமான ஜனங்கள். குடையும் கொண்டுவந்தார்கள்.

முதல் பந்தயத்துக்கு முந்தின மாலை, செல்வத்தின் மனைவி புஷ்பா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் அடுக்குச் சட்டி. மல்லிகா அவளை உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. சட்டியை மேசையில் வைத்துவிட்டு, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் வந்தது குழம்பு கொடுக்க அல்ல என்று புரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, அவள் மேல் கோபமாகவும் இருந்தது. கடைசியில் என் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கோவம் இருந்தா வீட்டுக்கு வந்து நாலு அறை அறைஞ்சிட்டுப் போங்கண்ணே. மேல நின்னு மட்டும் வேணாம்."

உடைந்த பலகை

சாரத்தின் மேல் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நிற்போம். ஓட்டுநர்களுக்குள் வெட்டுக்குத்து, மேலே ஒரே பொட்டலத்து நாசி லெமாக் சோற்றைப் பங்குபோட்டுத் தின்போம். வாயில் நெத்திலியோடு ஒருவன் "உள்ளே, உள்ளே" என்று கத்தியதில் அவன் ஓட்டுநருக்கு நெத்திலி கடிபடுகிற சத்தம்தான் கேட்டிருக்கும்.

எனக்கு ஒரு பழக்கம் போகவில்லை. மூலை வந்தால் என் வலது கால் தானாக அழுத்தும். ஓட்டுகிறவன் அவன், பிரேக் போடுகிறவன் நான். இரண்டாம் பந்தயத்தில் செல்வம் கண்மண் தெரியாமல் மூலைக்குள் பாய்ந்தபோது, நான் முழு பலத்தோடு மிதித்துவிட்டேன். பலகை முறிந்து என் கால் முழங்கால் வரை கீழே போனது. நல்ல காலம், இடுப்பு தப்பியது. சாரம் கட்டிய ஆள் ஏணியில் ஏறிவந்து முறிவைத் தடவிப் பார்த்தான். "சாரத்துக்குப் பிரேக் வைக்கலண்ணே. முன்னமே சொல்லியிருந்தா வச்சிருப்பேன்."

கண்ணாடி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செல்வம் என்னை வேலைக்கு வைத்தானே தவிர, நம்பவில்லை. நான் கிளியர் என்றதும் வேறு எவனாக இருந்தாலும் இறங்குவான். செல்வம் தலையை உயர்த்தி, பின்னால் வருவதைக் காட்டுகிற கண்ணாடியைப் பார்ப்பான். பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். அந்த ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் இரண்டு கார்கள் முன்னால் போய்விடும். தோற்றால் மேலே பார்த்து என்னைத்தான் திட்டுவான். மேலே நிற்கிற எனக்கு அவன் தலை உயர்வது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் யாரோ என் முகத்தில் துப்புகிற மாதிரி இருக்கும்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் பட்டறைக்கே போனேன். "நான் ஒருதடவயாவது தப்பாச் சொல்லியிருக்கேனாடா?" என்று கேட்டேன். செல்வம் சுத்தியலைக் கீழே வைத்தான். உண்மையிலேயே யோசித்தான். "இல்லண்ணே. இதுவரைக்கும் நீங்க சொன்னதும் கண்ணாடி சொன்னதும் அப்படியே ஒத்துப்போகுது. அதான் பயமா இருக்கு."

பதினாலாம் நம்பர்

இதே செல்வம் யாரையும் நம்பாதவன் என்று நினைக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றுகிற ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஒருவர் வாக்கிடாக்கி வைத்திருந்தார். ஒரு பந்தயத்தன்று எப்படியோ அவருடைய அலைவரிசையும் எங்களுடையதும் கலந்துவிட்டன. செல்வத்தின் கார் எண் பதினாலு. மண்டோரின் லாரி எண்ணும் பதினாலு. செல்வம் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தான், இன்னும் இரண்டே சுற்று. திடீரென்று காதில் ஒரு அதிகாரக் குரல்: "பதினாலு, நில்லு. ரிவர்ஸ் எடு. இன்னும், இன்னும், வா வா வா." செல்வம் நின்றான். ரிவர்ஸ் எடுத்தான். பின்னால் வந்த எல்லாரும் கும்பிட்டுக்கொண்டே அவனைச் சுற்றிப் போனார்கள்.

முகம் தெரியாத மண்டோர் சொன்னதும் கண்ணாடியைப் பார்க்காமல் பின்னாலேயே போகிறான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சொன்னால் சாட்சி கேட்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்டோரைத் தேடிப் போனேன். அவரும் ஆத்திரத்தில்தான் இருந்தார். "உங்க பதினாலு நின்னுச்சுல்ல? கொடுத்து வச்சவருண்ணே நீங்க. என் பதினாலு இன்னும் நிக்கல."

வருஷக் கடைசிப் பந்தயம்

வருஷத்தின் கடைசிப் பந்தயம் வந்தது. மழை பெய்து வாரங்கள் ஆகியிருந்தன. இரண்டாம் சுற்றிலேயே செம்மண் புழுதி பந்தல் போட்டுவிட்டது. மூன்றாம் சுற்றில் எவனோ இடித்ததில் செல்வத்தின் கண்ணாடி கழன்று தொங்கியது, அடுத்த மூலையில் அதுவும் விழுந்தது. "கண்ணாடி போச்சுண்ணே" என்றான் வாக்கிடாக்கியில். அவ்வளவுதான் சொன்னான். சாரத்தில் எல்லாரும் தங்கள் காரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

கடைசிக்கு முந்தின சுற்று. ஆயாக்கொட்டகை மூலை. செல்வம் வெளிப்பக்கம், அரை கார் முன்னால். உள்பக்கம், புழுதிக்குள், பெண்டாங்கிலிருந்து வந்த ஒரு புது ஓட்டுநர். நான் அன்றைக்கு இருந்த இடத்தில் அவன், செல்வம் அன்றைக்கு இருந்த இடத்தில் செல்வம். கிளியர் என்று சொன்னால் இறங்குவான். இறங்கினால் இரண்டு கார்களும் வடிகாலுக்குள். புழுதியில் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் மறுக்க முடியாது. நான் நல்லவன் என்று இங்கே எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்தச் சொல் என் நாக்கு வரை வந்தது. ஒரு மூச்சு நேரம் நான் எதுவும் சொல்லவில்லை.

பிறகு "உள்ளே இருக்கான், இரு, இரு" என்றேன். பெண்டாங்கிலிருந்து வந்தவனின் கார் பின்தங்கியது. "கிளியர்" என்றேன். செல்வம் அடுத்த கணமே இறங்கினான். தலை உயரவில்லை. பார்ப்பதற்கு அவனுக்கு எதுவும் இல்லை. இரண்டாவதாக வந்தான். கூட்டம் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனது. புஷ்பா மட்டும் சாரத்துக்குக் கீழே வந்து நின்று, என்னை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு அன்றைக்கு முதல்முறையாக வெட்கமில்லாமல் மூச்சு வந்தது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். செல்வம் காருக்குள் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தான். பழையதைப்போல மூன்று மடங்கு அகலம். பஸ்ஸில் இருக்குமே, அந்த மாதிரி. நான் அதைப் பார்த்தேன், அவன் நான் பார்ப்பதைப் பார்த்தான். "அப்ப, அன்னைக்கு நான் சொன்னது?" என்றேன்.

செல்வம் திருகாணியை முறுக்கி முடித்துவிட்டுத் திரும்பினான். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. "அந்த மூலையில ஒரு மூச்சு நேரம் சத்தமே வரலியே, அண்ணே. அது எதுக்குன்னு நானும் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க. புது வருசத்து ரேஸ் ஞாயித்துக்கிழமை, காலையில சீக்கிரம் வந்துடுங்க."

என் இடுப்பை உடைத்தவனின் உயிரை வாராவாரம் வாயில் வைத்துக்கொண்டு, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உயரத்தில் நிற்பதுதான் பதினைந்து வருஷம் உழைத்து நான் அடைந்த பதவி உயர்வு.